முகம் காட்டாத படமும் பார்க்காத ரசிகர்களும்

கதாநாயகன் முகமே தெரியாத ஒரு சினிமாப் படம்! அவர் குரலும் கேட்காது. மூன்று மணி நேரம் ஓடுகிற படத்தில் அவர் ஒரு தடவைகூடத் திரையில் வரமாட்டார். இப்படி ஒரு படம் எடுத்தால் ஓடுமா?

பரளச்சி பஸ் நிறுத்தத்தில் நிற்கிற யாரையாவது கேட்டால் சிரித்துவிடுவார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் பூமி அது. மழை பெய்தால் மிளகாய், பருத்தி. பெய்யாவிட்டால் சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம். அங்கே சாமி படம் என்றால் சாமியின் முகம் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் கன்னத்தில் போட்டுக்கொள்ள முடியும்!

தமிழ்நாட்டு ஜனங்கள் பழகிய பக்திப் படம் அப்படிப்பட்டது. 1965-ல் "திருவிளையாடல்" வந்தபோது சிவாஜி கணேசன் சிவபெருமானாகவே நின்றார். 1971-ல் "ஆதிபராசக்தி" ஓடிய கொட்டகைகளில் திரைக்குக் கற்பூரம் காட்டியதையும், பெண்கள் சாமி வந்து ஆடியதையும் வயதானவர்கள் இன்றும் கதை கதையாகச் சொல்வார்கள். திருப்பதிக்குப் போன ஆந்திர ஜனங்கள், கிருஷ்ணனாக நடித்த என்.டி. ராமராவையும் பார்த்துவிட்டுப் போவோம் என்று சென்னைக்குப் பஸ் ஏறினார்கள். 1987-ல் டெலிவிஷனில் ராமாயணம் தொடங்கியபோது, இந்தி தெரியாத வீடுகளிலும் பெட்டியின் முன் உட்கார்ந்தார்கள். வடக்கே பல ஊர்களில் பெட்டிக்கு மாலையே போட்டார்கள்!

அப்படிப் பழகிய கண்களுக்கு, முகம் காட்டாத பக்திப் படம் விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி ஒரு படம் உண்மையிலேயே இருக்கிறது. நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைச் சொல்லும் படம். அதற்கு 39 ஆண்டுகள் கழித்து இன்னொரு படமும் வந்தது. அந்த இரண்டாவது படத்துக்கு இசை அமைத்தவர் சென்னை ஏ.ஆர். ரகுமான். எங்கோ மக்காவிலும் கெய்ரோவிலும் நடந்துகொண்டிருந்த சர்ச்சை, ரகுமான் வழியாகத் தமிழ் வீடுகளுக்குள்ளும் வந்து சேர்ந்தது.

கேமராவே கண்

முதல் படத்தை எடுத்தவர் முஸ்தபா அக்காட். சிரியா நாட்டு அலெப்போவில் பிறந்து, அமெரிக்காவில் சினிமாத் தொழில் கற்றவர். நபிகள் நாயகத்தை யாரும் நடித்துக் காட்டக்கூடாது என்பது முஸ்லிம்களின் உறுதியான கொள்கை. அக்காடும் முஸ்லிம். அவருக்கு அது தெரியாதா?

ஆகவே அவர் ஒரு யுக்தி செய்தார். நாயகம் நிற்கவேண்டிய இடத்தில் கேமராவை வைத்தார். மற்ற பாத்திரங்கள் கேமராவைப் பார்த்துப் பேசுவார்கள். பதில் நமக்குக் கேட்காது. கேட்ட பாவனையில் அவர்கள் தலையசைப்பார்கள். நாயகத்தின் சிறிய தகப்பனார் ஹம்ஸாவாக நடித்தவர் ஆந்தனி குவின். அரபு மொழிக்கு வேறு நடிகர்களை வைத்து, ஒவ்வொரு காட்சியையும் இரண்டாம் தடவை படம் பிடித்தார்கள். ஒரே செட்டில் இரண்டு படம்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹம்ஸா கேமராவைப் பார்த்துப் பேசும்போது, கொட்டகையில் உட்கார்ந்திருப்பவனின் கண்ணைப் பார்த்தே பேசுவதுபோல இருக்கும். சாமி படத்தில் ரசிகன் சாமியைப் பார்க்கிறான். இந்தப் படத்திலோ ரசிகனைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள்! அனுபவம் அடியோடு வேறு.

இவ்வளவு ஜாக்கிரதையாக எடுத்தும் எதிர்ப்பு வந்தது. கெய்ரோவில் உள்ள அல்அஸ்ஹர் பல்கலைக்கழகம் உலகமெங்கும் மதிக்கப்படும் மார்க்கக் கல்விச்சாலை. அதன் அறிஞர்கள் முதலில் சம்மதம் தந்து, பிறகு திரும்பப் பெற்றார்கள். மொராக்கோவில் தொடங்கிய படப்பிடிப்பு, சவுதி அரேபியாவின் ஆட்சேபத்தால் நின்றது. செட்டு, நடிகர், ஒட்டகம் எல்லாம் லிபியாவுக்குப் போய்ச் சேர்ந்தன.

1976 ஜூலை மாதம் லண்டனில் படம் வெளியாக இருந்த நேரத்தில் டெலிபோனில் மிரட்டல்கள் வந்தன. தலைப்பில் நபிகள் நாயகத்தின் திருப்பெயர் இருந்தது. அவசர அவசரமாக அதை எடுத்துவிட்டு, "தி மெசேஜ்" என்று பெயர் மாற்றினார்கள். இன்றும் அந்தப் பெயரில்தான் படம் வழங்குகிறது.

வாஷிங்டனில் துப்பாக்கி

அதற்கு அடுத்த ஆண்டு நடந்ததுதான் பயங்கரம். 1977 மார்ச் 9-ந் தேதி, அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 12 பேர் துப்பாக்கிகளோடு மூன்று கட்டிடங்களைக் கைப்பற்றினார்கள். 149 பேர் பணயக் கைதிகள். இளம் ரேடியோ நிருபர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கூட்டத்தின் தலைவர் ஹமாஸ் அப்துல் காலிஸ். அவர் விதித்த நிபந்தனைகளில் ஒன்று, அந்தப் படத்தை நிறுத்த வேண்டும் என்பது!

முழு உண்மையையும் சொல்லவேண்டும். படம் மட்டும் காரணம் அல்ல. 1973-ல் அவருடைய வீட்டில் புகுந்த கொலைகாரர்கள் குழந்தைகள் உட்பட 7 பேரைக் கொன்றுவிட்டார்கள். அந்தத் துக்கமும் ஆத்திரமும்தான் அவரை ஆட்டி வைத்தன. படம் அந்த நெருப்பில் விழுந்த இன்னொரு விறகு.

தியேட்டர்கள் படத்தை நிறுத்தின. படத்தைப் போட்டுக் காட்டுகிறேன், மார்க்கத்துக்கு விரோதமாக எதுவும் இருந்தால் அழித்துவிடுகிறேன் என்று அக்காட் முன்வந்தார். எகிப்து, ஈரான், பாகிஸ்தான் நாடுகளின் தூதர்கள் போய் குர்ஆன் வசனங்களை எடுத்துச் சொல்லிப் பேசினார்கள். மூன்றாம் நாள் கைதிகள் விடுதலையானார்கள்.

நாயகமாக ஒரு ஹாலிவுட் நடிகர் நடிக்கிறார் என்று எங்கோ கிளம்பிய வதந்தி உலகமெல்லாம் சுற்றியிருந்தது. படத்தில் அப்படி ஒரு நடிகரே இல்லை! வதந்திக்குக் கோபப்பட்டவர்கள் எத்தனையோ பேர். டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டுக் கோபப்பட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

ரகுமானுக்கு வந்த பத்வா

இனி இரண்டாவது படம். எடுத்தவர் ஈரான் நாட்டு டைரக்டர் மஜித் மஜிதி. குழந்தைகளை வைத்து மனதை உருக்கும் படங்கள் எடுப்பவர் என்று தமிழ் ரசிகர்களிலும் பலருக்கு அவரைத் தெரியும். 2005-ல் டென்மார்க் பத்திரிகை ஒன்று நபிகள் நாயகத்தைக் கேலிச்சித்திரமாக வெளியிட்டது. அதைக் கண்டித்து, அந்த நாட்டுத் திரைப்பட விழாவிலிருந்து தன் படத்தைத் திரும்பப் பெற்றவர் இதே மஜிதி. கேலிக்குப் பதில் கண்டனம் மட்டும் போதாது, நாயகத்தின் வாழ்க்கையையே உலகத்துக்குக் காட்டவேண்டும் என்று இறங்கினார்.

ஏறத்தாழ 4 கோடி டாலர் செலவு. ஈரான் நாட்டில் அதற்கு முன் எந்தப் படத்துக்கும் அவ்வளவு பணம் கொட்டியதில்லை. பழைய மக்கா நகரத்தையே செட்டாகக் கட்டினார்கள். ஆப்ரகாவின் யானைப்படை வரும் காட்சிக்கு நிஜ யானைகள் வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவுக்குப் போனார்கள். படம் 2015 ஆகஸ்டு மாத இறுதியில் ஈரானிலும், கனடாவின் மான்ட்ரீல் விழாவிலும் வெளியாயிற்று.

இதில் நாயகத்தின் பிள்ளைப் பருவம்தான் கதை. முகம் காட்டப்படவில்லை. ஆனால் ஒரு சிறுவனின் முதுகு தெரிகிறது, கை தெரிகிறது, தலைமுடி தெரிகிறது. அக்காட் போகாத தூரத்துக்கு மஜிதி போனார். வம்பு அங்கேதான் பிறந்தது. ஈரானில் ஷியா பிரிவினர் அதிகம். உருவம் பற்றி அவர்களுடைய கட்டுப்பாடு சற்றுத் தளர்வானது. சுன்னி பிரிவு அறிஞர்கள் அதை ஏற்பதில்லை. படம் வெளியாவதற்கு முன்பே அல்அஸ்ஹர் ஆட்சேபித்தது. வெளியானதும் சவுதியின் தலைமை முப்தி கண்டித்தார்.

2015 செப்டம்பரில் மும்பையின் ரஜா அகாடமி ஒரு முப்தியிடம் பத்வா பெற்று வெளியிட்டது. அது மஜிதிக்கும் ரகுமானுக்கும் எதிரானது. இருவரும் மீண்டும் கலிமா சொல்லவேண்டும், மீண்டும் நிக்காஹ் செய்துகொள்ள வேண்டும் என்றது அந்தப் பத்வா.

பத்வா என்றவுடன் தலையை வாங்கும் கட்டளை என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி அல்ல. கேட்ட கேள்விக்கு மார்க்க அறிஞர் ஒருவர் தரும் கருத்து அது. சட்டப்படி அது யாரையும் கட்டுப்படுத்தாது என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் தொழுகையும் நோன்புமாக வாழ்கிற ஒரு மனிதனைப் பார்த்து, "நீ மறுபடியும் கலிமா சொல்" என்றால் அவன் மனம் என்ன பாடுபடும்!

ரகுமான் சினம் கொள்ளவில்லை. ஓர் அறிக்கை எழுதினார். படத்தைத் தயாரித்ததும் டைரக்ட் செய்ததும் தான் அல்ல. நல்லெண்ணத்தோடு இசை மட்டும் அமைத்ததாகச் சொன்னார். பிறகு சொன்னதுதான் மனதைத் தொடுவது. திறமையும் புகழும் தந்தேனே, என் பிரியத்துக்குரிய முகம்மதைப் பற்றிய படத்துக்கு நீ ஏன் இசை அமைக்கவில்லை என்று மறுமை நாளில் இறைவன் கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற கருத்தில் எழுதியிருந்தார்.

பத்வா தந்தவர் இறைவனுக்குப் பயந்து தந்தார். இசை அமைத்தவரும் இறைவனுக்குப் பயந்தே அமைத்தார்!

நடுவில் விசுவ இந்து பரிஷத் தலைவர் ஒருவர், ரகுமான் தாய்மதம் திரும்பலாமே என்று அழைப்பு விடுத்தார். வீட்டில் அண்ணன் தம்பி பேசிக்கொண்டிருக்கும்போது, வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "எங்கள் வீட்டுக்கு வந்துவிடேன்" என்பதுபோல் இருந்தது அது.

பிடிமண்ணுக்கு முகம் உண்டா?

காட்டாமல் இருப்பதில் என்ன பக்தி என்று கேட்கிறவர்கள், பரளச்சிப் பக்கத்துக் கும்பிடுகளையே நினைத்துப் பார்க்கலாம். ஊர் விட்டு ஊர் வந்த குடும்பம், பூர்வீகக் கோவிலிலிருந்து பிடிமண் எடுத்துவந்து குலதெய்வத்தை நிலை நிறுத்தும். மண்ணுக்கு ஏது கண்ணும் மூக்கும்? பல கோவில்களில் சாமி என்பது ஒரு வேல். அல்லது ஒரு மரப்பெட்டி. அல்லது கருவேல மரத்தடியில் ஒரு கல். அந்தப் பெட்டியைத் திறந்து காட்டு என்று எவனாவது கேட்பானா? புருஷன் பெயரை வாயால் சொல்லாத பாட்டிமார்கள் இந்தச் சீமையில் நேற்றுவரை இருந்தார்கள். பெயர் தெரியாமலா சொல்லவில்லை?

பெயர் பற்றிய ஆட்சேபமும் இப்படித்தான் விளங்கும். சினிமா போஸ்டர் என்ன ஆகிறது என்று எல்லோருக்கும் தெரியும். காலையில் சுவரில் ஒட்டுகிறார்கள். மத்தியானம் ஆடு தின்கிறது. மாலையில் கிழிந்து சாக்கடையில் கிடக்கிறது. கேட்ட மாத்திரத்தில் வாழ்த்துச் சொல்ல வேண்டிய திருப்பெயரை அந்தக் காகிதத்தில் அச்சடிக்கலாமா என்று ஒருவர் தயங்கினால், அதைப் பிற்போக்கு என்று தள்ளிவிட முடியாது.

உருவம் கூடாது என்ற கட்டுப்பாடும் எல்லாக் காலத்திலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. 16-ம் நூற்றாண்டின் கடைசியில் துருக்கி சுல்தான் மூன்றாம் முராதுக்காக நாயகத்தின் வரலாறு ஓவியங்களோடு எழுதப்பட்டது. அதில் நாயகம் வருகிறார், முகத்தில் வெண்திரை. அதே துருக்கியில் நாயகத்தின் தோற்றத்தைச் சொற்களால் மட்டும் வர்ணித்து, அழகான எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டுவார்கள். கண்ணுக்கு மறுத்ததைக் காதுக்குக் கொடுத்தார்கள்.

காதுக்குக் கொடுக்கும் அந்த வேலையைத் தமிழன் செய்யவில்லையா? அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி வழியாகத் தூத்துக்குடி சாலையில் போனால் எட்டயபுரம் வரும். பாரதி பிறந்த ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அடங்கியிருப்பதும் அங்கேதான். 5,000-க்கு மேற்பட்ட பாடல்களில் நாயகத்தின் வரலாறு! அரபு நாட்டைச் சொல்ல வந்த புலவர், மழை பொழிந்து ஆறு பெருகி வயல் விளையும் தமிழ் நாட்டையே வர்ணித்துவிட்டார். கரிசல் காட்டில் இருந்துகொண்டு பாலைவனத்துக்கு மழை கொண்டு போனவர் அவர்.

அவருக்கும் தடை வந்தது என்கிறது செவிவழி வரலாறு. நாயகத்தின் சரித்திரக் குறிப்புகளைக் கேட்டுக் கீழக்கரை ஞானி சதக்கத்துல்லா அப்பாவிடம் போனாராம். புலவரின் உடையையும் கோலத்தையும் பார்த்த அப்பா, முதலில் மறுத்துவிட்டாராம். பிறகு கனவில் உத்தரவு கிடைத்து, வழி காட்டினாராம். நாயகத்தின் கதையைச் சொல்ல யாருக்கு யோக்கியதை என்ற கேள்வி, 300 ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சீமையில் எழுந்து, இந்தச் சீமையிலேயே தீர்ந்திருக்கிறது.

கல்லும் கத்தரிக்கோலும்

அவமதிக்க எடுத்த படமும், பக்தியோடு எடுத்த படமும் ஒன்றாகுமா? 2012-ல் அமெரிக்காவில் ஒரு பேர்வழி நாயகத்தை இழிவுபடுத்தி ஏதோ படம் பிடித்து, 14 நிமிடத் துண்டை இன்டர்நெட்டில் விட்டான். நடித்தவர்களுக்கே அது நாயகத்தைப் பற்றிய படம் என்று தெரியாது. வசனத்தைப் பிறகு மாற்றிச் சேர்த்துவிட்டான்! அந்தச் செப்டம்பரில் சென்னை அண்ணா சாலையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் முன் கூட்டம் திரண்டது, கல் விழுந்தது. கல்லை யாரும் நியாயப்படுத்த முடியாது. கோபம் நியாயமானது. ஆனால் மூன்றே ஆண்டில் மஜிதியின் படத்துக்கும் அதே "தடை செய்!" கோஷம்தான் கிளம்பியது. இரண்டுக்கும் ஒரே தராசா?

தமிழ்நாடு வேறொரு வழியையும் பார்த்திருக்கிறது. 2013 ஜனவரியில் கமலஹாசனின் "விஸ்வரூபம்" படத்தை முஸ்லிம் அமைப்புகளின் தலைவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பார்த்துவிட்டுத்தான் ஆட்சேபித்தார்கள். அரசாங்கம் தடை போட்டது. கோர்ட்டு, வழக்கு என்று அலைந்தார்கள். பிறகு உட்கார்ந்து பேசி, சில இடங்களை மாற்ற ஒப்புக்கொண்டு, பிப்ரவரி 7-ந் தேதி தமிழ்நாட்டில் படம் வெளியாயிற்று. கத்தரிக்கோல் பட்டது கலைக்கு நஷ்டம்தான். ஆனால் ரசிகன் கையில் டிக்கெட் கிடைத்தது.

கலவரம் வரும் என்று மிரட்டினால் படத்தை நிறுத்திவிடலாமா என்ற கேள்விக்கும் தமிழ்ப் படம் ஒன்றுதான் பதில் வாங்கித் தந்தது. "ஒரே ஒரு கிராமத்திலே" என்ற படத்தின் வழக்கில், 1989-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. ஊர்வலம் வரும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகப் பேச்சுரிமையை அடக்க முடியாது. பாதுகாப்புத் தருவது அரசாங்கத்தின் கடமை என்றது கோர்ட்டு.

மஜிதியின் படம் அந்தப் பரீட்சைக்கே வரவில்லை. 2018 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் கேரள சர்வதேசத் திரைப்பட விழா. நடுவர் குழுவின் தலைவரே மஜிதிதான். அவருடைய படத்தைக் காட்ட ஏற்பாடாகியிருந்தது. தணிக்கை விலக்கு மத்திய அரசிடமிருந்து கிடைக்காததால் காட்சி ரத்து! மாப்பிள்ளை வந்துவிட்டார், தாலிதான் வரவில்லை. 2020 ஜூலையில் இன்டர்நெட்டில் வெளியிடப் போவதாக அறிவிப்பு வந்தது. ரஜா அகாடமி மறுபடியும் எதிர்த்தது. மராட்டிய உள்துறை மந்திரி, படத்தைத் தடுக்க வேண்டும் என்று மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார்.

முஸ்லிம்களின் மனம் புண்படும் என்று அகாடமி சொன்னது. அதையே மந்திரியும் சொன்னார். அந்த முஸ்லிம்களில் ஒருவர், அருப்புக்கோட்டையில் கடை வைத்திருப்பவரோ, கமுதி சந்தைக்குச் சரக்கு ஏற்றுபவரோ, தாமே பார்த்து, "மனம் புண்பட்டது" என்றோ "கண் கலங்கினேன்" என்றோ சொல்வதற்கு ஒரு கொட்டகை கிடைக்கவில்லை. பரளச்சியில் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கும் இந்துவுக்கும், நாயகம் தாயை இழந்த பிள்ளையாக வளர்ந்த கதை தெரிய ஒரு வாய்ப்பு போயிற்று. படம் நன்றாக இருக்கிறதா, நீளமா, சலிப்பா? அதைச் சொல்லும் உரிமை டிக்கெட் வாங்கியவனுக்கு உரியது. அவன் வாய் திறக்கும் முன் எல்லோரும் அவனுக்காகப் பேசி முடித்துவிட்டார்கள்.

அக்காடின் படத்துக்குக் காலம் வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. முதலில் எதிர்த்த சவுதி அரேபியாவில், 2018-ல் சினிமாக் கொட்டகைகள் மறுபடி திறந்தபோது, அந்த ஆண்டு ஈத் பெருநாளை ஒட்டித் திரையிடப்பட்ட படம் "தி மெசேஜ்". லண்டன் வெளியீட்டிலிருந்து எண்ணினால் 42 ஆண்டு! குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தார்கள். அதைப் பார்க்க அக்காட் இல்லை. 2005 நவம்பரில் ஜோர்டான் நாட்டு அம்மான் நகர ஓட்டலில் பயங்கரவாதிகள் வைத்த குண்டுக்கு அவரும் அவர் மகளும் பலியாகியிருந்தார்கள்.

மஜிதி மூன்று பாகமாக எடுக்கத் திட்டமிட்டிருந்தார். வெளிவந்தது முதல் பாகம். அதில் நாயகம் இன்னும் சிறுவர்தான்.